செத்த வீட்டில் எவ்வளவு நேரம் இருப்பது?

அந்தப் பைக்குள் என்ன இருந்தது என்று பத்திரிகைக்காரருக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளைச் சொப்பிங் பாக். புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்றின் பெயர் அதில் பாதி அழிந்திருந்தது. வாயை இரட்டை முடிச்சாகக் கட்டி, முடிச்சுக்குள் இரண்டு விரலைக் கொடுத்துப் பிடித்திருந்தார் அந்த அம்மா.

இடம், பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மண்டபம். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டுத் திருச்சபைக் குழுவொன்று வந்து தலைமைத்துவம், நல்லிணக்கம் என்று பயிற்சி நடத்தியது. அதே ஊரில் குடியிருக்கும் பத்திரிகைக்காரர் மொழிபெயர்ப்புக்காகப் போயிருந்தார். கடைசி அமர்வில், வன்னியில் மகனைத் தொலைத்த தாய் ஒருவரையும், இராணுவத்தில் மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாய் ஒருவரையும் மேடைக்கு அழைத்துக் கைகோத்து நிற்கச் சொன்னார்கள். படம் எடுத்தவருக்கு அந்தப் பை இடைஞ்சல். “அம்மே, பாக் எக பிமின் தியன்ன” என்றார். கீழே வைக்கச் சொல்கிறார் என்பதை மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை. “பரவாயில்ல தம்பி, கையிலயே இருக்கட்டும்” என்றார் அம்மா. வலக்கையைச் சிங்களத் தாயிடம் கொடுத்தார். இடக்கையில் பை. படம் எடுத்தாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

இதில் யாரும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. வந்தவர்கள் நல்ல மனிதர்கள். சிலர் உண்மையாகவே கண்ணீர் விட்டார்கள். ஆனாலும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போதும், வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போதும் அந்த இரட்டை முடிச்சு பத்திரிகைக்காரரின் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பைகளில் என்ன கொண்டு திரிவார்கள் என்று அவர் பிற்பாடு நிறையப் பார்த்திருக்கிறார். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுவின் போட்டோக் கொப்பி, பாடசாலைச் சீருடையில் எடுத்த ஒரு படம். 2010இல் ஒரு ஆணைக்குழு, பிறகு இன்னொன்று, 2016இல் சட்டம் நிறைவேற்றிக் காணாமல் போனோர் அலுவலகம் என்று கேட்கிற இடம் கூடக்கூட, பையும் கனத்துக்கொண்டே போனது. அந்த அம்மாவின் பையிலும் அதுதான் இருந்திருக்கும் என்று நினைப்பது சுலபம். பேரப்பிள்ளைக்கு வாங்கின சட்டையாகவும் இருக்கலாம். கொழும்புக்கு வந்து ஒரு சட்டை வாங்காமல் ஊர் திரும்புகிற ஆள் யார்? அதில் கட்டாயம் கோவைதான் இருக்க வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிப்பதும் ஒரு வகையில் படம் எடுத்தவரின் வேலைதான்.

சின்ன வயதில் பத்திரிகைக்காரரை அவருடைய அம்மா செத்த வீடுகளுக்குக் கூட்டிப்போவார். போகிற வழியிலேயே பாடம் நடக்கும். போனதும் ஒன்றும் கேட்கக்கூடாது. யாராவது கதை தொடங்கினால் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எழும்பி வரும்போது “போயிட்டு வாறன்” என்று சொல்லக்கூடாது; சொல்லாமல் இறங்கி வந்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் இருப்பது என்று மட்டும் அம்மா ஒருநாளும் சொல்லித்தரவில்லை. அம்மா எழும்பினால் அவரும் எழும்புவார். சில வீடுகளில் கால் மணித்தியாலம், சில வீடுகளில் இரவு முழுக்க. கணக்கு எதுவென்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

போர் முடிந்த நாட்டுக்குச் சமயத் தலைமை சுமந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வீடுகள்தான் அவருக்கு ஞாபகம் வரும். வந்தவர்கள் எல்லாருமே “மறுபடி வருவோம்” என்று சொல்லித்தான் போகிறார்கள்.

இந்த மண்ணுக்கு வந்தவர்களில் பெரிய பெயர் பாப்பரசர்கள். 1995 ஜனவரியில் இரண்டாம் யோவான் பவுல் வந்தார். காலிமுகத்திடலில் திருப்பலி, யோசவ் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். பௌத்தத்தைப் பற்றி அவர் தம் புத்தகத்தில் எழுதியிருந்ததைக் கண்டித்து, பௌத்த தேரர்கள் சர்வமதச் சந்திப்புக்கு வராமல் விட்டார்கள். அப்போது நாட்டில் போர்நிறுத்தம் இருந்தது. ஏப்ரலில் அது உடைந்தது. ஜூலை 9ஆம் தேதி, நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வருகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லைத்தான். ஆனால் அதே வருடத்து நாட்காட்டியில் இரண்டும் இருக்கின்றன.

இருபது வருடம் கழித்து, 2015 ஜனவரி 13ஆம் தேதி, பிரான்சிஸ் வந்தார். ஜனாதிபதித் தேர்தல் நடந்து ஐந்தே நாள். கட்டுநாயக்கவிலிருந்து வெயிலில் திறந்த வாகனத்தில் வந்து களைத்துப்போய், ஆயர்களுடனான சந்திப்பைக் கைவிட்டார். சாயந்தரம் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் சர்வமதக் கூட்டம். இந்துக் குருக்கள் ஒருவர் அவருக்குக் காவி நிறச் சால்வை போர்த்தினார். நம் மேடைகளில் பொன்னாடை போர்த்தினால், கைதட்டல் ஓயுமுன்னே அது மடித்து உதவியாளர் கைக்குப் போய்விடும். பிரான்சிஸ் வெள்ளை அங்கிக்கு மேல் அதைப் போட்டபடியே அமர்ந்திருந்தார். அதை எடுக்க வேண்டும் என்ற நம்மூர் வழக்கம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அப்படியானால், தெரியாமல் இருப்பதிலும் ஒரு நன்மை உண்டு.

அடுத்த நாள் மாலை, நிகழ்ச்சி நிரலில் இல்லாதபடி, கொழும்பில் மகாபோதி சங்கத்தின் விகாரைக்குப் போனார். புத்தரின் இரு பிரதான சீடர்களான சாரிபுத்தர், மொகல்லானர் ஆகியோரின் தாதுப் பேழையைத் தேரர்கள் அவருக்காகத் திறந்தார்கள். வருடத்தில் ஒருநாள்தான் திறக்கிற பேழை. 1995இல் கூட்டத்துக்கே வராதவர்களின் தரப்பிலிருந்து, 2015இல் வழக்கத்தை மீறிப் பேழை திறக்கப்பட்டது. இதை வெறும் படப்பிடிப்பு என்று தள்ளிவிடப் பத்திரிகைக்காரருக்கு மனமில்லை.

அந்த 14ஆம் தேதி பகலில்தான் மன்னாரின் மடு மாதா கோயில். ஹெலிகொப்டரில் போய், இறங்கி, மடு மாதாவின் திருச்சுரூபத்தால் சனங்களை ஆசீர்வதித்து, அன்றே திரும்பினார். முதல்நாள் இரவே வந்து காட்டுக்குள் படுத்திருந்தவர்கள் உண்டு. 1999 நவம்பரில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 40 பேரளவில் எறிகணையில் செத்த வளாகம் அது. 2008 ஏப்ரலில், சண்டை நெருங்கியபோது, குருவானவர்கள் மாதாவையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போன கோயில். அங்கே சில மணித்தியாலம். இது போதுமா?

போதாது என்று சொல்ல வாய் வரும்போது பத்திரிகைக்காரருக்கு மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை ஞாபகம் வருகிறார். நெடுந்தீவுக்காரர். 1992இலிருந்து 2016 வரை மன்னாரின் ஆயர். 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் போய் அவர் உட்கார்ந்தபோது கையில் கொண்டுபோனது ஒரு கணக்கு. மாவட்டக் கச்சேரிப் பதிவின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த சனத்தொகை, அதன்பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாக ஐ.நா. சொன்ன தொகை. கழித்தால் மிச்சம் 1,46,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த இலக்கத்தைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள் இருக்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் இல்லை. ஒரு மேய்ப்பர் கழித்தல் கணக்குப் போட்டதைவிடப் பெரிய தலைமைத்துவப் பயிற்சியை இந்த நாடு பார்த்ததில்லை என்பது பத்திரிகைக்காரரின் கட்சி. 2021 ஏப்ரல் முதலாம் தேதி ஆயர் காலமானபோதும் அந்தக் கேள்வி அப்படியே கிடந்தது.

யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் யோசப் அடிகளார் கதை இன்னும் கடுமையானது. 2009 மே 18இல் வட்டுவாகலில், இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு சேர்ந்து போனார். அவர்களோடேயே காணாமல் போனார். போனவர் திரும்பி வந்து பயிற்சி நடத்தவில்லை.

கூட இருப்பதுதான் முறை, வந்து போவது வீண் என்று இப்படியே எழுதி முடித்துவிடலாம். அது அவ்வளவு நேர்மையாக இருக்காது. நெடுங்காலமாக இங்கேயே இருந்த சமயத் தலைவர்களில் படைகளுக்குப் பிரித் நூல் கட்டியவர்களும் உண்டு. கொலைகளைக் கண்டும் காணாமல் பூசை முடித்தவர்களும் உண்டு, எல்லா மதத்திலும். இருப்பது மட்டும் புண்ணியமாகிவிடாது.

பள்ளிக்கூட நாட்களில் பத்திரிகைக்காரர் யோசவ் வாஸ் அடிகளாரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் படித்திருந்தார். அட்டையும் ஆசிரியர் பெயரும் மறந்துபோயிற்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை அடக்கிவைத்திருந்த காலம். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேசத்தில் கரையிறங்கியவர், யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பிச்சை எடுத்திருக்கிறார், கழுத்தில் செபமாலை தெரியும்படி. அதைப் பார்த்து எந்த வீட்டு முகம் மாறுகிறதோ அது தம் சனம் என்று கண்டுபிடிப்பாராம். பிச்சை எடுத்தது உபாயம் மட்டுமில்லை, அவருக்கு உண்மையாகவே பசித்தது என்று புத்தகத்தில் எழுதியிருந்ததா, அல்லது இவரே பிறகு சேர்த்துக்கொண்டதா என்று நிச்சயமில்லை. கண்டியில் ஒற்றன் என்று சிறை வைத்தார்கள். அம்மை நோய் வந்து ஊரே ஓடியபோது நோயாளிகளுக்குப் பக்கத்தில் இருந்தார். 1711இல் கண்டியிலேயே கண்மூடினார். வந்தவரும் அவர்தான், இருந்தவரும் அவர்தான். ஆனால் வந்த முதல் நாள் இந்தச் சனத்திடம் அவர் கேட்டது சோறு.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தின்போது பத்திரிகைக்காரருக்கு ஒன்பது வயது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாகியிருந்தது. வகுப்பறை வாங்குகளைச் சேர்த்துப்போட்டு அதன்மேல் படுக்கை. சனங்கள் உடுத்த உடுப்போடு, பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடி வந்திருந்தார்கள். அங்கே ஒரு கன்னியாஸ்திரி வந்தார். கையில் அப்பியாசக் கொப்பி. தமிழை உடைத்து உடைத்துக் கதைத்தார். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “செருப்பு எத்தனையாம் நம்பர்?” அப்பா எட்டு என்றார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு என்றார். சிஸ்டர் எழுதிக்கொண்டு அடுத்த வாங்குக்குப் போனார். கடவுளைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. செருப்பு வந்ததா? வந்திருக்க வேண்டும். ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறை போனபோது அம்மாவின் காலில் எதுவோ இருந்தது என்றுதான் ஞாபகம்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்காதவர்தான் நல்லவர் என்றும் முடிவு கட்ட முடியவில்லை. தென்னாபிரிக்காவில் 1996 ஏப்ரலில் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவின் முதல் அமர்வுகளில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு ஊதா அங்கியோடு உட்கார்ந்து, சாட்சி ஒருவரின் கதை கேட்டு மேசையில் தலை வைத்து அழுதார். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது. அதே வருடம், பொலிஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போய், கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டார்கள், வழக்கில் தோற்றார்கள். டூட்டுவின் கண்ணீரும் பொய்யில்லை, பிக்கோ வீட்டாரின் கோபமும் பிழையில்லை.

நம் கதையிலும் அதே கேள்வி 2023இல் வந்தது. ஏப்ரலில் நேபாளத்தின் நாகர்கோட்டில் உலகத் தமிழர் பேரவையும் பௌத்த தேரர்கள் சிலரும் கூடி ‘இமயமலைப் பிரகடனம்’ என்று ஆறு அம்சங்களை எழுதினார்கள். டிசம்பரில் அதை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் கொடுத்து, தேரர்களும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். தேரர்கள் தமிழரோடு உட்கார்ந்து எழுதியது சின்ன விசயமில்லை. ஆனால் தமிழ் அமைப்புகள் பல அதை உடனே நிராகரித்தன. யாரைக் கேட்டுப் பேசினீர்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இலிருந்து போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு இமயமலை மிகத் தூரம்.

பம்பலப்பிட்டி மண்டபத்தில் அன்று நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அது எந்த அமர்விலும் நடந்ததல்ல. தேநீர் இடைவேளையில் அந்த இரண்டு தாய்மாரும் ஒரே மேசையில் அகப்பட்டார்கள். மேசையில் பிளேன்ரீயும் மீன் கட்லட்டும். வன்னித் தாய்க்குச் சிங்களம் தெரியாது, சிங்களத் தாய்க்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கலாம் என்று பத்திரிகைக்காரர் கிட்டப் போனபோது சிங்களத் தாய் தம் முழங்காலைத் தொட்டுக்காட்டி முகம் சுளித்துக்கொண்டிருந்தார். வன்னித் தாயும் தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். ஏதோ ஓர் எண்ணெயைப் பற்றி, தேய்க்கும் விதத்தைப் பற்றி, இருவரும் கையாலேயே வெகுநேரம் கதைத்தார்கள். பத்திரிகைக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

அந்த வெளிநாட்டுக் குழு வராமல் இருந்திருந்தால் அந்த இரண்டு முழங்கால்களும் ஒரே மேசைக்கு வந்திருக்காது. நாற்பது வருடமாக ஒரே ஒழுங்கையில் மதிலுக்கு மதில் இருக்கிற பம்பலப்பிட்டிக்காரர் நாங்கள், 83ஐப் பற்றி ஒருவரை ஒருவர் இன்னும் கேட்டதில்லை. இங்கேயே இருப்பவர்கள் செய்யாததை வந்தவர்கள் செய்தார்கள், அரைகுறையாக, தெரியாமல், கட்லட்டோடு. அதற்குப் பிறகுதான் மேடை, கைகோர்ப்பு, படம். முதலாவது நல்லது, இரண்டாவது நாடகம் என்று பிரித்துவிட அவருக்கு ஆசைதான். ஆனால் மேடை இல்லாமல் மேசைக்கு யார் காசு கொடுப்பார்?

இப்போது வேறொரு குழு வரப்போகிறது. மொழிபெயர்க்க வரமுடியுமா என்று கடிதம் வந்திருக்கிறது. பதில் இன்னும் எழுதவில்லை. மேடை நிகழ்ச்சியைக் கைவிட்டுத் தேநீர் இடைவேளையை இரண்டு மணித்தியாலம் ஆக்குங்கள் என்று ஒரு யோசனை எழுதலாமா என்று பார்க்கிறார். எழுதினால் ஒத்துக்கொள்ளவும் கூடும். அதற்கும் ஒரு தலைப்பு வைத்து, கைநூலில் ஒரு பக்கமாக அச்சடித்து, அடுத்த போர் முடிந்த நாட்டுக்கு அதை எடுத்துப்போனாலும் போவார்கள். அது நல்லதா கெட்டதா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.