விதைக்கு விட்ட காய்

ஆடியில் விதைத்த மொட்டைமாடித் தோட்டம் மார்கழியில் ஓய்ந்துவிட்டது. செடிகளைப் பிடுங்கித் தொட்டிகளைக் காலி செய்துவிடலாம் என்றேன். அம்மா விடவில்லை. பழுக்காத தக்காளி துவையலாச்சு. கடைசி மிளகாய்கள் தயிரில் ஊறி மோர்மிளகாய் ஆயின. கொத்தவரங்காய் வெந்து, காய்ந்து, வத்தலாக டப்பாவுக்குள் போனது. (தொட்டி மண்ணைக்கூடக் கொட்ட விடமாட்டார்.)

எதையும் வீணாக்காத அதே கைதான், இருந்ததிலேயே நல்ல வெண்டைக்காய் இரண்டில் சிவப்பு நூலைக் கட்டியது. பறிக்கக்கூடாது, விதைக்கு. செடியிலேயே முற்றிக் காய்ந்து வெடிக்கவேண்டும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அம்மா, இது ஹைபிரிட் விதை. இதுலேர்ந்து எடுத்துப் போட்டா இதே காய் வராது" என்றேன். பொய்யில்லை. இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கியது அது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும், ஒரு செடி போல இன்னொன்று இருக்காது. என்ன வரும் என்றே தெரியாத ஒன்றுக்காக, கையிலிருக்கும் நல்லதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? குழந்தையைத் தள்ளிப்போட நானும் மனைவியும் இத்தனை வருடமாகச் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதே வாதம்தான். அம்மாவுக்கு அது தெரியும்.

"ஏன்டா, நீ என்ன உங்கப்பா மாதிரியேவா பொறந்த? வளக்கலையா நாங்க?"

என் வாதத்தில் எங்கே ஓட்டை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை சாம்பாருக்கு வெண்டைக்காய் போதவில்லை. நூல் கட்டிய இரண்டையும் விட்டுவிட்டுத்தான் பறித்தேன்.