மணம் முடித்தால் மாறுமா?

மாரண்டஹள்ளியில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு நாம் வெளியே வந்தபோது, நெடுநாள் பழகிய பெரியவர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்துச் சென்றார். அவருடைய உறவில் ஓர் இளைஞன், தன் மனம் பெண்களை நாடவில்லை, ஆண்களையே நாடுகிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டானாம். "ஒரு நிக்காஹ் முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று வீட்டார் பெண் பார்க்கிறார்கள். நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர்கள், இது சரிதானா?" என்று கேட்டார். அன்று நாம் விடை கூறவில்லை.

மார்க்கச் சட்டத்தை முதலில் சொல்லிவிடுவோம். நபி லூத் (அலை) அவர்களின் சமூகத்தாரைப் பற்றிய திருமறை வரலாற்றைக் கொண்டு, ஆணோடு ஆண் கூடுவது விலக்கப்பட்டது என்றே நான்கு மத்ஹபுகளும் கொண்டன. தண்டனையில்தான் கருத்து வேறுபாடு. இமாம் அபூஹனீஃபா அவர்கள் இதனை விபசாரத்தோடு சேர்க்கவில்லை. வரையறுத்த தண்டனை இதற்கில்லை, காஜி தம் அறிவுக்கேற்பக் கண்டிக்கலாம் என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபோ விபசாரத்தின் வரிசையிலேயே வைத்தது. அண்மைக்காலத்தில் ஸ்காட் குகிள் என்னும் ஆய்வாளர், அம்மக்கள் பழிக்கப்பட்டது அவர்களுடைய வன்முறைக்காகவே என்று 2010இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். ஆலிம்களில் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. அவ்வாதத்தைத் தீர்த்துவைக்கும் தகுதி நமக்கில்லை.

ஆனால் இமாம்கள் பேசியது செயலைப் பற்றி. உள்ளத்தின் நாட்டத்திற்கு அவர்கள் தண்டனை விதிக்கவில்லை. பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதையோ திருமறையின் 49ஆம் அத்தியாயம் தடுக்கிறது. நம் தெருத் திண்ணைகளுக்கு அந்த அத்தியாயம் எட்டவில்லை போலும்!

அரசின் சட்டத்தின் கதை வேறு. 1858இல் உதுமானியப் பேரரசு இயற்றிய தண்டனைச் சட்டத்தில், வயது வந்த இருவர் தம்முள் இணங்கிச் செய்வதற்குத் தண்டனை ஏதும் இல்லை. இரண்டாண்டு கழித்து, 1860இல், வெள்ளையர் இங்கே 377ஆம் பிரிவை எழுதினர். கலீஃபாவின் நாட்டில் இல்லாத தண்டனையை விக்டோரியா அரசியின் ஆட்சி நமக்குத் தந்தது. அதனை ஷரீஅத் என்று மயங்குவோர் இன்றும் உளர். 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோர் இணங்கிக் கொள்ளும் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருபாலர் மணத்துக்குச் சட்ட ஏற்பளிக்க 2023 அக்டோபர் 17இல் அதே மன்றம் மறுத்தது.

நம்மைத் தொட்டது சென்னையில் நடந்த வழக்கு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து, ஒன்றாக வாழப் பாதுகாப்பு வேண்டிய இரு பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கே போதிய அறிவில்லை என ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநரிடம் பாடம் கேட்ட பின்னரே 2021 ஜூன் 7இல் ஆணை பிறப்பித்தார். மருத்துவத்தால் இவர்களை 'மாற்ற' முயல்வதையும் தடைசெய்தார். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே இதனை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நோயல்லாததற்கு மருந்து ஏது? அந்த மருந்தாக ஒரு பெண்ணைக் கொடுக்கலாமா?

அப்பெண் பாலக்கோட்டிலோ இராயக்கோட்டையிலோ ஒரு தகப்பனின் மகள். நிக்காஹுக்கு அவள் சம்மதம் கேட்கப்படும். எதற்குச் சம்மதம்? அவளிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றுக்கா? நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொண்ட வரலாற்றை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! ஒருவேளைச் சோற்றுக்கான தானியத்திலேயே மறைப்பு கூடாதெனில், ஓர் ஆயுட்கால வாழ்வில் கூடுமா? மனைவிக்கு அநீதி இழைத்துவிடுவோம் என்று உறுதியாக அறிந்தவனுக்கு மணமே ஹராம் என்று ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. தன் மனத்தை மறைக்காமல் சொன்ன அந்த இளைஞன், அந்தப் பெண்ணுக்கு நேரவிருந்த அநீதியைத் தடுக்கவே முயன்றான் என்று நாம் கருதுகிறோம். பொய்யின் பக்கம் அவனைத் தள்ளுவோர் பெரியவர்கள்தாம்.

பின்னொரு நாள் இவற்றையெல்லாம் அப்பெரியவரிடம் சொன்னோம். "அப்படியானால் பையனை என்ன செய்வது?" என்றார்.

"வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அடிக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ள கணக்கு நம் கையில் இல்லை" என்றோம்.

பெண் பார்ப்பதை நிறுத்தச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பையனின் தாயாரிடம் இதனை எப்படித் தொடங்குவது என்பதே அவருக்குப் பெருங்கவலையாக இருந்தது. அதற்கு நம்மிடமும் வழி இல்லை. உடன் வருகிறோம் என்று மட்டும் சொன்னோம்.