வெண்கலமும் நன்றிக்கடனும்

ஆசிரியரிடம் பட்ட கடனைச் சிலை வைத்துத் தீர்த்துவிட இயலுமா? சிலைகள் பெருகிவரும் நம் நாட்டில் இவ்வினா எழாதிருத்தற்கில்லை. இதனை ஆராய ஏற்றதொரு சான்று சென்னையில் உண்டு.

ஸ்காட்லாந்தில் 1838-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் மில்லர் என்னும் பாதிரியார் 1862-இல் சென்னைக்கு வந்தார். எஸ்பிளனேடில் இயங்கிய மிஷன் பள்ளி 1877-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக மலர்ந்தது அவர் உழைப்பினாலேயாம். 1907 வரை அதன் முதல்வராயிருந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். 'இக்கல்வியால் மதம் மாறியோர் எத்துணைப் பேர்?' என்று வினவியோர் அவரைச் சார்ந்த மிஷன் வட்டத்திலேயே இருந்தனர். கல்வியின் பயன் ஒரு சமுதாயத்தின் சிந்தனையில் மெல்லப் பரவுவது. தலையெண்ணி அளக்கத்தக்கதன்று என்பது மில்லரின் கொள்கை.

அவர் வாழ்ந்திருக்கும்போதே, 1901-இல், கல்லூரிக்கெதிரே அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது. அவரிடம் பயின்றோருள் பெரும்பாலோர் அவர் சமயத்தைத் தழுவாதவர்கள். நன்றியுணர்வு சமய எல்லையைக் கடந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நம் முன்னோர் நடுகல் நாட்டியது போரில் வீழ்ந்த வீரர்க்கு. வாழ்வாரைச் சிலையாக்குவதில் ஓர் இடர் உண்டு: வைத்தவர்கள் தம் கடன் தீர்ந்ததென்று எண்ணிவிடக்கூடும். மில்லரோ அதன்பின் 22 ஆண்டுகள் வாழ்ந்து 1923-இல் மறைந்தார்.

இதனாற் சிலையே வீண் என்பார் கூற்றும் பொருந்தாது. வழியே செல்லும் சிறுவன், 'இவர் யார்?' என்று தந்தையைக் கேட்பானாயின் அதுவே சிலையின் பயன். ஆனால் விடை கூற ஒருவர் வேண்டுமே! 1937-இல் கல்லூரி தாம்பரத்திற்குச் சென்றது. சிலையோ பழைய வட்டாரத்திலேயே தங்கிவிட்டது. மில்லர் தொடங்கிய பணி, வெண்கலத்தின் துணையின்றியே புதிய இடத்தில் தொடர்ந்தது.

ஆசிரியர்க்குப் பட்ட கடனை ஆசிரியரிடமே திருப்பித் தர இயலாது. அடுத்து வரும் மாணவனிடந்தான் செலுத்த முடியும். சிலையோ படமோ இல்லாத சிற்றூர் ஆசிரியர்கள் ஊட்டிய எழுத்தைக் கொண்டே நம்மிற் பலர் தொலைநகரங்களில் ஊதியம் பெற்று வாழ்கிறோம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், அண்டை வீட்டுப் பிள்ளைக்கு 'அ' எழுதக் கற்பிப்போமாயின், அவ்வாசிரியர்க்கு நாம் ஆற்றும் கைம்மாறு அதுவேயாகும்.