செய்தவன் மறைந்த வாக்கியம்

கதவு திறந்தது என்கின்றோம். கதவு தானே திறவாது. திறந்தான் ஒருவன் உளன். செயப்படுபொருளையே வினைமுதல்போல வைத்துக் கூறும் இம்முறையை வழக்கெனத் தொல்காப்பியர் தழுவிக்கொண்டனர். ஆகலின் இஃது இலக்கண வழுவன்று. அறவழுவாதல் உண்டோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

ஒரு தொழில் நிகழ்தற்கு வேண்டும் முதனிலைகளை எட்டென வகுத்த அவ்வாசிரியர், செய்வானையும் அவற்றுள் ஒன்றாக எண்ணினர். எட்டும் ஒரு வாக்கியத்துள் ஒருங்கே வருதல் வேண்டுமென்னும் நியதியில்லை. வேண்டாதவற்றை விடுத்தல் சுருங்கச் சொல்லலாம். ஆயின், விடுத்தது கேட்போன் அறியவேண்டியதாயின், அது சுருக்கமோ கரவோ? "கோயில் நிலம் விற்கப்பட்டது" என்று ஓர் அறிக்கை கூறுமாயின், அதனுள் பொய்ச்சொல் ஒன்றுமில்லை. நிலம் உண்டு, விற்றல் உண்டு, விற்றவர் மாத்திரம் இல்லை. 'படு' என்னும் துணைவினை அவரைத் திரைக்குள் நிறுத்திற்று. ஆங்கில நடையைப் பின்பற்றி அலுவலகத் தமிழில் இப்'படு' பெருகியிருத்தலை யாவரும் காண்பர். எம் செவிக்கு அது நோவே.

அற்றேல், செய்தவன் மறைதல் எஞ்ஞான்றும் குற்றமோவெனின், அன்று. "பசித்தோர்க்குச் சோறு அளிக்கப்பட்டது" என அளித்தவனே எழுதுவானாயின், அது தன்முனைப்பு ஒடுங்கிய சொல். வாக்கியத்தின் கட்டு இரண்டினும் ஒன்றே. ஆண்டு மறைந்தது பழி, ஈண்டு மறைந்தது புகழ். "எல்லாம் அவன் செயல்" என்பாருள்ளும், ஈகைக்கு யான் என்றும் இழப்பிற்கு அவன் என்றும் எழுவாயை மாற்றிக்கொள்வார் சிலரை யாம் கண்டுளேம்.

பிறர் செயலைக் கூறுமிடத்தோ அவரை மறைத்தல் பணிவாகாது. தஞ்சை இராசராசேச்சரம் 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. அதன் கொடைகளைக் கல்லில் வெட்டப் பணித்த முதலாம் இராசராசனது ஆணையில், தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை என ஒவ்வொருவர்க்கும் கொடுத்தல்வினை தனித்தனியே வருகின்றது. ஒருமுறை கூறி முடித்திருப்பின், பிறர் கொடையெல்லாம் அரசன் பெயர்க்குள் அமிழ்ந்திருக்கும். ஓலையிலன்றிக் கல்லில் ஒரு சொல்லை மீட்டும் மீட்டும் வெட்டுதல் எளிய வேலையன்று; எனினும் வெட்டுவித்தான்.

இனி ஓர் ஐயம். மகன் குடத்தை உடைத்தானாக, தாய் "குடம் உடைந்தது" என்கின்றாள். அவள் மறைத்தது தன்னையன்று; தனக்கு வரும் பயனும் இல்லை. சிறுவன் நாணாமைப்பொருட்டு அன்பு செய்த வாக்கியம் அது. தம் வீட்டுக் குடமாயின் யாம் அதனைக் குற்றமென்னேம். அயலார் குடமாயின், விலையைக் கொடுக்கும்போதேனும் அவள் மகனை எழுவாயாக்கிச் சொல்லியே ஆதல் வேண்டும்.