சொன்னவர் பேர் என்ன?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு 'ஸ்நோ ஒயிட்' கதை தெரிந்திருக்கும். யார் கதை என்று கேட்டால், கிரிம் சகோதரர்கள் என்போம். அட்டையில் அவர்கள் பேர்தானே இருக்கிறது!

ஜெர்மனியின் யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் கதைத் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-லும், இரண்டாம் பாகத்தை 1815-லும் வெளியிட்டார்கள். அண்ணனும் தம்பியும் காடுமேடெல்லாம் அலைந்து கதை சேகரித்தார்கள் என்று நமக்கு ஒரு நினைப்பு. உண்மையில், பல கதைகள் அவர்களைத் தேடி வீட்டுக்கே வந்தன.

அப்படிக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் டொரோத்தியா ஃபீமன். சத்திரக்காரரின் மகள். தையல்காரருக்கு வாக்கப்பட்டவர். காசெல் நகரத்துக்குக் காய்கறி சுமந்துவந்து விற்றவர். வியாபாரம் முடிந்ததும் கிரிம் வீட்டுக்கு வருவார். காப்பி கொடுப்பார்கள், ஒரு கிளாஸ் ஒயின், கொஞ்சம் காசு. எழுதுகிற கை பின்தங்கினால், அதே கதையை நிதானமாக, சொல் பிசகாமல் மறுபடி சொல்வார். வாத்து மேய்க்கும் ராஜகுமாரி கதை அவர் கொடுத்தது. கிட்டத்தட்ட நாற்பது கதைகள் கொடுத்தவர், 1815 நவம்பரில் வறுமையில் செத்துப்போனார்.

கிரிம் சகோதரர்கள் நன்றி மறந்தவர்கள் இல்லை. முன்னுரையில் அந்த அம்மாவின் பேரைச் சொல்லிப் புகழ்ந்தார்கள். ஓவியரான இன்னொரு தம்பி லுட்விக் வரைந்த அவரது படத்தை 1819 பதிப்பில் போட்டார்கள். சரி, மற்றவர்கள்? அச்சான குறிப்புகளில் 'ஹெஸ்ஸன் பக்கத்திலிருந்து' என்கிற மாதிரி ஊர்ப் பேர்தான் உண்டு. ஆள் பேர்களை வில்ஹெல்ம் தன் சொந்தப் பிரதியில் கையால் குறித்து வைத்திருந்தார். அந்தப் பிரதிகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஜெர்மனி இருக்கட்டும். நம்ம போடிநாயக்கனூருக்கு வாருங்கள். குரங்கணி, கொட்டகுடி என்று மலையேறினால் முதுவர்கள் வாழும் பகுதி. 'மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்துகொண்டு மலையேறினோம், அதனால் முதுவர்' என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் இது இருக்கிறது. போடியை நாயக்கர்கள் பிடித்தபோது நடந்தது என்று ஒரு வழக்கும் அதில் உண்டு. குறிப்பு எழுதிக் கொடுத்த வெள்ளைக்காரர் பேரைச் சொல்லி தர்ஸ்டன் நன்றி தெரிவிக்கிறார். அந்த வெள்ளைக்காரருக்குச் சொன்ன முதுவர் யார்? அவருக்குப் பேர் இல்லை.

"நாடோடிக் கதைக்கு ஏது சார் சொந்தக்காரர்? சொன்னவரும் யாரோ சொல்லிக் கேட்டதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கிராமத்துக் கிழவியிடம் கதை கேட்டுப் பாருங்கள். "இது எங்க ஆத்தா சொன்னது" என்று சொல்லிவிட்டுத்தான் பல பேர் ஆரம்பிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் தனக்குக் கொடுத்தவரைச் சொல்கிறார். பேனா பிடித்த நாம்தான் அந்தச் சங்கிலியை அறுக்கிறோம்.

பேரோடு போவதில்லை, குரலும் போய்விடுகிறது. முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கினார்கள். குழந்தைகள் படிக்க வேண்டுமே என்று பதிப்புக்குப் பதிப்பு மெருகு. நம்ம கி.ராஜநாராயணன் வேறு வழியில் போனார். கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே ஏட்டில் ஏற்றினார். சபையில் சொல்லக் கூச்சப்படும் கதைகளையும் ஒதுக்காமல், 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தலைப்புப் போட்டுக் கொடுத்தார்.

விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்துக்கு வருகிற காய்க்கு அது யார் தோட்டத்துச் சரக்கு என்று கணக்கு உண்டு. பறித்தவள் பேர் எங்கும் இருக்காது. அவளுக்குக் கூலியாவது கிடைக்கிறது. அதே ஜீப்பில் வருகிற யாரோ ஒரு அக்காவிடம் நாளைக்கு ஒருவர் கதை கேட்டு எழுதிக்கொண்டு போனால், அவருக்கு என்ன மிச்சம்?

"அக்கா, உங்க பேரைப் போடட்டுமா?" என்று கேட்பதுதான் குறைந்தபட்ச மரியாதை. "பேரு வேணாம்ப்பா" என்றால் போடக் கூடாது. "இதை வெளிய சொல்லாதே" என்றால் கதையையே விட்டுவிட வேண்டும். கொடுப்பவருக்கு மறுக்கவும் உரிமை இருந்தால்தான் அது கொடை. இல்லாவிட்டால் அதற்குப் பேர் வேறு.

நீங்கள் புத்தகம் போடப் போவதில்லை. ஆனாலும் இன்று ராத்திரி பிள்ளைக்குக் கதை சொல்லும்போது, "இது எங்க அப்பத்தா சொன்னது, சிலமலைக்காரங்க" என்று பேரும் ஊருமாக ஆரம்பித்துப் பாருங்கள்.

"அவங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்று பிள்ளை கேட்கும். தெரிந்தவரைக்கும் சொல்லுங்கள்.