ஒடுங்கியதும் அழிந்ததும்

ஒரு பொருள் அழிந்துவிட்டது என்று எந்த நிலையில் உறுதியாகச் சொல்லலாம் என்னும் கேள்வி இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிடப்பட்டது. அதைச் சோதித்துப் பார்க்க உயிருள்ளவற்றைவிட உயிரற்ற பொருளே சில வகைகளில் ஏற்றது. அங்கே ஆன்மா, வினை, மறுமை ஆகியவை குறுக்கிடுவதில்லை. யுபிஎஸ் கருவிகளிலும் அவசர விளக்குகளிலும் இருக்கும் மூடிய ஈய-அமில பேட்டரி அத்தகைய ஒரு பொருள். செத்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட இந்த பேட்டரிகளை மீண்டும் எழுப்ப முயல்வோர் பலர். அம்முயற்சி சில வேளை பலிக்கிறது, பல வேளை பலிப்பதில்லை, பலித்தாற்போலக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு.

பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளாந்தே 1859இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரியில் நேர்த்தகடு ஈய டை ஆக்சைடாலும், எதிர்த்தகடு நுண்துளைகள் நிறைந்த ஈயத்தாலும் ஆனவை. இரண்டும் நீர் கலந்த கந்தக அமிலத்தோடு சேர்ந்திருக்கின்றன. மின்சாரம் வெளியேறும்போது இரு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏற்றும்போது அது மீண்டும் பழைய பொருள்களாகப் பிரிகிறது. ஆக, மாறுவதும் மீள்வதும் இந்தக் கருவியின் இயல்பிலேயே அமைந்தவை. ஆனால் சார்ஜ் இல்லாமல் பல மாதங்கள் கிடந்துவிட்டால், சல்ஃபேட்டின் நுண்படிகங்கள் மெல்லக் கரைந்து பெரிய படிகங்களின்மேல் சேர்ந்து இறுகுகின்றன. அப்போது ஈயமும் கந்தகமும் ஓர் அணுகூடக் குறையாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தும், மின்னோட்டம் அவற்றை எளிதில் எட்ட முடிவதில்லை.

இந்த நிலையைச் சைவ சித்தாந்தம் நன்கு விளக்கும். காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுண்மையாக இருக்கிறது, அழியும்போதும் அது இல்லாமற்போவதில்லை, காரணத்திலேயே ஒடுங்குகிறது என்னும் கொள்கை சற்காரியவாதம் எனப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரும் அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியாரும் இதன்மேல்தான் தங்கள் உலகத் தோற்றக் கோட்பாட்டை எழுப்பினார்கள். இறைவனின் அழித்தல் தொழிலையே உயிர்களின் களைப்பை நீக்கும் இளைப்பாற்றலாக அருணந்தியாரின் நூலான சிவஞான சித்தியார் காண்பதற்கும் இதுவே அடிப்படை. இறுகிய சல்ஃபேட் ஒடுக்கத்துக்குத் தக்க சான்று. குறைந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில், தேவைப்பட்டால் நாள்கணக்கில் பொறுமையாகச் செலுத்தினால், ஒடுங்கியதில் ஒரு பகுதியாவது வெளிப்பட வாய்ப்புண்டு.

நியாய மரபினர் இதை ஏற்கமாட்டார்கள். அழிவுக்குப் பின் உண்டாகும் இன்மையை அவர்கள் பிரத்வம்சாபாவம் என்று பெயரிட்டு, அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பார்கள். அதாவது, அழிந்தது திரும்புவதில்லை, திரும்பியது போலத் தெரிவது வேறொன்று. பேட்டரிக்குள் இதற்கும் சான்று கிடைக்கிறது. மூடிய வகையில், நேர்த்தகட்டில் எழும் ஆக்சிஜன் கண்ணாடியிழை விரிப்பின் இடைவெளி வழியாக எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் நீராகிறது. ஆனால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும்போது வாயு வால்வு வழியே வெளியேறி, விரிப்பு வறண்டுபோகிறது. மேல்மூடியைப் பெயர்த்து, ரப்பர் தொப்பிகளை நீக்கி, சிரிஞ்சால் சில மில்லி டிஸ்டில்டு வாட்டர் விடுகிறவர் போன நீரைக் கொண்டுவரவில்லை. வேறு நீரை வைக்கிறார். அதனால் விளக்கு எரிந்தால் நியாய மரபினரின் மறுப்பு யாரையும் உறுத்தாது என்பது வேறு செய்தி.

கடினமான வழக்கு மூன்றாவது. நேர்த்தகட்டைத் தாங்கும் ஈயச் சட்டகம் ஆண்டுகள் செல்லச்செல்ல அரிக்கப்பட்டு, தானே ஈய டை ஆக்சைடாகி, விரிந்து, முறிந்து, தாங்கிய பொருளோடு தொடர்பை இழக்கிறது. இங்கேயும் பொருள் எதுவும் பெட்டியை விட்டுப் போகவில்லை, போனது அமைப்பு. எந்த மின்னோட்டமும் அதை மீட்காது. சற்காரியவாதி இங்கே தோற்றுவிட்டார் என்று அவசரப்பட வேண்டியதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றையும் வேண்டுவது சித்தாந்தமே. ஒடுங்கியது வெளிப்பட அதற்குரிய துணைக்காரணம் வேண்டும். அரித்த சட்டகத்துக்கு அது உலைக்களம். அங்கே பல பேட்டரிகளின் ஈயம் ஒன்றாக உருகிப் புதிய தகடுகளாகிறது. அதை மீண்டெழுதல் என்பதைவிட மறுபிறப்பு என்பதே பொருந்தும். ஆகவே ஒரு பேட்டரி ஒடுங்கியதா அழிந்ததா என்பதை அதன் உள்நிலை மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தத் துணைக்காரணம் கைக்கு எட்டுகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இறுதியான அழிவு என்று சொல்லப்படுவனவற்றுள் பல, சொல்பவரின் கருவிகளுக்கு உட்பட்ட இறுதி மட்டுமே.

பேட்டரி எழுந்துவிட்டதை எப்படி அறிவது என்பதில் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி கைகொடுக்கிறார். செயலைப் பயக்கும் ஆற்றலே, அதாவது அர்த்தக்கிரியையே, உள்ளதன் இலக்கணம் என்றவர் அவர். சித்தியாரின் பிறசமய மறுப்புப் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரைக் கடுமையாக மறுத்த அருணந்தியாருக்கு இது உவப்பாக இராது. ஆயினும் பேட்டரி விஷயத்தில் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மீட்டரில் 12.8 வோல்ட் காட்டும் பேட்டரி, ஒரு சிறு விளக்கை மாட்டியதும் சரிந்துவிடலாம். 7 ஆம்பியர்-மணி எனக் குறிக்கப்பட்ட 12 வோல்ட் பேட்டரி, 0.35 ஆம்பியர் வீதம் இருபது மணி நேரம் கொடுத்த பிறகே 10.5 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும். அந்தச் சோதனைதான் பிரமாணம், மீட்டரின் முதல் எண் அல்ல.

எழுந்தாற்போலத் தெரிவதற்கும் உண்மையில் எழுவதற்கும் உள்ள இந்த வேறுபாடு அமெரிக்காவில் ஒருமுறை அரசியலையே உலுக்கியது. ஜெஸ் ரிட்சி என்பவர் விற்ற ஏடி-எக்ஸ்2 என்னும் பொடி, முதன்மையாக சோடியம், மக்னீசியம் சல்ஃபேட்டுகளின் கலவை. சோர்ந்த பேட்டரிகளுக்கு அது உயிர் தருவதாக விளம்பரம் செய்யப்பட்டது. திறந்து நீரூற்றும் பேட்டரிகளின் காலம் அது. பயனில்லை என்று தேசியத் தர நிர்ணய நிலையம் கண்டறிந்தது. பயனடைந்தோம் என்று வாடிக்கையாளர்கள் சாட்சி சொன்னார்கள். 1953இல் வணிக அமைச்சர் சின்க்ளேர் வீக்ஸ் நிலையத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். அறிவியலாளர்களின் எதிர்ப்பால் ஆஸ்டின் பதவியில் தொடர்ந்தார். தேசிய அறிவியல் கழகத்தின் குழு அதே ஆண்டில் நிலையத்தின் ஆய்வை உறுதிப்படுத்தியது. சாட்சி சொன்னவர்கள் பொய்யர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. பொடி இல்லாமலே, மெதுவான சார்ஜாலேயே தேறக்கூடிய பேட்டரிகள் சில உண்டு. பொடி இட்டதையும் இடாததையும் அருகருகே வைத்துப் பார்க்காதவரை, தேறியதன் புகழ் பொடிக்கே போகும். அற்புதங்களைப் பற்றிய சாட்சியத்தை எடைபோடும் எவருக்கும் எழும் இடர்ப்பாடு இது.

தேறிய பேட்டரி பழைய பேட்டரியேதானா என்பது எஞ்சி நிற்கிறது. பெரியபுராணத்தில், மயிலாப்பூரில் எலும்பும் சாம்பலுமாகக் குடத்தில் இருந்த பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் எழுப்பியபோது, அவளை அவருக்கே மணமுடிக்க விரும்பினார் தந்தை சிவநேசர். தம்மால் மறுபடி தோன்றியவள் தமக்கு மகள் முறையாவாள் என்று சம்பந்தர் மறுத்தார். அவளது அடையாளத்தை அவர் மறுக்கவில்லை. உறவு மட்டும் முன்போல் இராது என்றார். கொள்ளளவு பாதியாகத் தேறிய பேட்டரியை யாரும் மறுபடி யுபிஎஸ்ஸில் வைத்து நம்புவதில்லை. அது தோட்டத்து விளக்குக்கோ பழைய வானொலிக்கோ போகிறது, அங்கே சில காலம் உழைக்கிறது.