கருணையும் கடனும்

கிழக்கு ஆபிரிக்க மலைக்காடுகளின் சருகுகளிடையே வாழ்வது குள்ளப் பச்சோந்தி. முட்டையினின்று வெளிவரும் அதன் குஞ்சு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் நீளமே உடையது. அதனைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பவன் அளிக்கும் உணவும் நீரும் கருணையா, கடனா என்பது சிந்தித்தற்குரியது.

காட்டிலே அக்குஞ்சு வெப்பம் மிகின் சருகினடியில் ஒதுங்கும். ஈரத்தைத் தானே தேடும். பெட்டியிலோ இத்தெரிவுகள் யாவும் வளர்ப்பவன் கைக்கு மாறிவிடுகின்றன. பாத்திரத்து நீரை அது பெரும்பாலும் நாடாது. இலைமீது தெளிக்கப்படும் துளிகளையே பருகும். இரையாக இடும் பழ ஈக்கள்மீது கல்சியத் தூள் தூவாவிடின் அதன் எலும்புகள் நலியும். வெப்பநிலை 27 பாகை செல்சியசுக்கு மேல் நீடிப்பின் அது துன்புறும். இவற்றை அறியாத அன்பு, அன்பாக இருந்தவாறே அதனைக் கொன்றுவிடும்.

நோயுற்றபோதும் அது குரலெழுப்பி முறையிடுவதில்லை. ஆதலின், கேட்டபின் உதவுதல் என்னும் அறம் இங்குப் போதாது. கேளாமலே கண்டறிதல் வேண்டும். ஓர் உயிரின் தெரிவைப் பறித்தவன் அதன் பொறுப்பையும் ஏற்றவனாகின்றான். எனவே அவன் செய்வது ஈகையன்று. பட்ட கடனைச் செலுத்துதலேயாகும்.

இவ்வினங்களின் பன்னாட்டு வர்த்தகம் 2016இல் எடுக்கப்பட்ட தீர்மானத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. எனினும், சட்டம் துறைமுகத்தைக் காக்குமேயன்றிப் பெட்டியினுள் நோக்காது. அங்கு அறமொன்றே காவல். அக்கடனைச் செலுத்த இயலாதவன் கடன்படாதிருத்தலே முறை.